சென்டருக்குக் கொட்டிக் கொடுத்தும் உள்ளே புள்ளி விழவில்லை: யாரை எந்த இடத்தில் நிறுத்துவது?

மூன்றாம் குவார்ட்டர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இணையத்தில் கூடைப்பந்து அணியை நிர்வகிக்கும் பஸ்ஸர்பீட்டர் விளையாட்டில் எனக்கு இது நான்காவது சீசன். போன சீசன் முழுக்கச் சேர்த்த பணத்தைப் போட்டு ஏலத்தில் ஒரு சென்டரை, அதாவது வளையத்துக்குக் கீழே ஆடுகிற ஆளை, எடுத்தேன். வயது 27, உயரம் 213 செ.மீ. திறன் எண்கள்: இன்சைட் ஷாட் (வளையத்துக்கு அருகே இருந்து போடுவது) 14, இன்சைட் டிஃபென்ஸ் 12, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் பந்தைப் பிடிப்பது) 13, ஷாட் பிளாக்கிங் 9. அணியின் மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இவர் ஒருவருக்கே போகிறது. எங்கள் லீக் சம்பளப் பட்டியலில் சென்டர்களில் இவர்தான் முதல் ஆள்.

பந்தை உள்ளே கொடுத்து ஆடும் 'லுக் இன்சைட்' டாக்டிக்கை (ஆட்ட உத்தி) வைத்தால் ஆட்டத்துக்கு 30 புள்ளி இவரே எடுத்துவிடுவார் என்று நம்பினேன். ஆறு லீக் ஆட்டம் முடிந்தது, நான்கில் தோல்வி. கடைசி ஆட்டம் 78-91. தோற்றதைக்கூட விடுங்கள், பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டப் புள்ளிவிவர அட்டவணை) பார்த்தால்தான் வயிறு எரிகிறது. சென்டர் எடுத்த ஷாட் வெறும் ஏழு. பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாயின்ட் கார்டு எடுத்த ஷாட் 22. அணியின் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் தொலைப்பது) 19, அதில் சென்டருடையது மட்டும் ஐந்து. அஃபென்சிவ் ஃப்ளோ (பந்து கைமாறி ஓடுவதன் மதிப்பீடு) வாராவாரம் அடிமட்டத்தில் கிடக்கிறது. எதிரணியின் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. பட்டியலில் மேலே வருகிற ஒரு ஆள்கூட அவர்களிடம் இல்லை.

என் ஐந்து பேர்:

பாயின்ட் கார்டு: 185 செ.மீ., ஜம்ப் ஷாட் 11, அவுட்சைட் டிஃபென்ஸ் 8, ஹேண்ட்லிங் 9, டிரைவிங் 10, பாஸிங் 6, இன்சைட் ஷாட் 2.
ஷூட்டிங் கார்டு: ஜம்ப் ஷாட் 12, அவுட்சைட் டிஃபென்ஸ் 10, பாஸிங் 5, இன்சைட் ஷாட் 3.
ஸ்மால் ஃபார்வர்டு: எல்லாமே 6, 7. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.
பவர் ஃபார்வர்டு: இன்சைட் ஷாட் 11, இன்சைட் டிஃபென்ஸ் 10, ரீபவுண்ட் 11, பாஸிங் 3, ஹேண்ட்லிங் 3.
சென்டர்: மேலே சொன்னவர். பாஸிங், ஹேண்ட்லிங், அவுட்சைட் டிஃபென்ஸ் மூன்றும் 2.

பெஞ்சில் 196 செ.மீ. உயரத்தில் ஒரு பையன் இருக்கிறான், வயது 22. பாயின்ட் கார்டு என்றுதான் காட்டுகிறது. அவுட்சைட் டிஃபென்ஸ் 9, பாஸிங் 9, ஹேண்ட்லிங் 8, இன்சைட் ஷாட் 7, ஜம்ப் ஷாட் 7. சம்பளம் மிகக் குறைவு என்பதால் மாற்று ஆளாக வைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். சென்டரை விற்றுவிட்டுச் சமமான திறன் உள்ள இரண்டு பேரை வாங்கலாமா? பெயருக்குப் பக்கத்தில் காட்டும் 'சிறந்த இடம்' என்பதை எவ்வளவு நம்பலாம்? இப்போது ரீபவுண்ட் பயிற்சி போய்க்கொண்டிருக்கிறது, அதை மாற்ற வேண்டுமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நான் கூடைப்பந்து ஆடியவன். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடி வளர்ந்துவிட்டதால் வளையத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார்கள். பந்து வந்தால் போடு, வராவிட்டால் ரீபவுண்டுக்கு நில், அவ்வளவுதான். எனக்கு ட்ரிப்ளிங் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு போட்டியில் எதிரணி எங்கள் கார்டு இரண்டு பேரையும் நடுக்கோட்டிலேயே மடக்கிவிட்டது. நான் கையைத் தூக்கிக்கொண்டு கீழே நின்றேன். இரண்டாம் பாதி முழுக்க எனக்கு வந்த பந்து மூன்றோ நான்கோதான். என் சென்டர் பெயருக்கு நேராக ஏழு ஷாட் என்று பார்த்ததும் அந்த மைதானம்தான் கண்ணுக்குள் வந்தது.

---

ஆறாவது ஆள் எழுதியது:

சென்டரை விற்காதீர்கள். விற்க வேண்டியது பாயின்ட் கார்டை. உள்ளே ஆடுகிற அணிக்குப் பாஸிங் 6 போதாது. அவர் 22 ஷாட் எடுத்தது அவர் தவறில்லை, அவருக்குத் தெரிந்ததை அவர் செய்கிறார். பெஞ்சில் இருக்கும் பையனை அடுத்த ஆட்டத்திலேயே இறக்குங்கள். மொபைலில் இருந்து எழுதுகிறேன், இரவு விரிவாகப் பேசலாம்.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

அந்தச் 'சிறந்த இடம்' சம்பளக் கணக்கில் இருந்து வருவது. ஐந்து இடத்துக்கும் தனித்தனிச் சம்பளச் சூத்திரம் இருக்கிறது. ஒருவருடைய திறன்களை ஐந்திலும் போட்டுப் பார்த்து, எதில் சம்பளம் அதிகமாக வருகிறதோ அந்த இடத்தைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அவர் அங்கே நன்றாக ஆடுவாரா, உங்கள் டாக்டிக்குக்குப் பொருந்துவாரா என்பதெல்லாம் அதில் கிடையாது. சென்டர் என்று ஒருவருக்குப் போட்டிருந்தால், உள்ளே ஆடும் திறன்களுக்காக அவருக்குச் சம்பளம் தருகிறீர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2010-இல் ஆடத் தொடங்கினேன். இது புரிய எனக்கு இரண்டு சீசன் ஆனது. பவர் ஃபார்வர்டு என்று காட்டிய ஒருவர் என்னிடம் இருந்தார். அவுட்சைட் டிஃபென்ஸ் 8, பாஸிங் 7. 'நமக்குத்தான் பவர் ஃபார்வர்டு ஏற்கெனவே இருக்கிறாரே' என்று மலிவாகக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் எங்கள் லீக்கிலேயே இருந்தார். அவரை ஸ்மால் ஃபார்வர்டாக நிறுத்தி, பிளே-ஆஃபில் என்னையே வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து யாரை வாங்கினாலும் அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை. திறன் கட்டத்தை மட்டும் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் அணி. பந்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிய வேண்டும் என்று விரல் வைத்துத் தடம் போட்டுப் பாருங்கள். கார்டின் கையில் தொடங்கி சென்டரின் கையில் முடிய வேண்டும். தொடங்கும் இடத்தில் பாஸிங் 6. பக்கத்தில் நிற்பவரிடம் 5. பவர் ஃபார்வர்டிடம் 3. ஃப்ளோ ஏன் எழும்பவில்லை என்பதற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். தப்பித் தவறி பந்து சென்டரிடம் போய்ச் சேர்ந்தாலும் ஹேண்ட்லிங் 2 என்பதால் தொலைத்துவிடுகிறார். அந்த ஐந்து டர்ன்ஓவர் அப்படி வந்ததுதான். 14 இன்சைட் ஷாட்டுக்கு நீங்கள் தரும் சம்பளம், பந்து அவர் கைக்கு வருகிற நேரத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

உங்கள் ஷூட்டிங் கார்டும் பாயின்ட் கார்டும் மோசமான ஆட்கள் இல்லை. வெளியே இருந்து ஷாட் போடும் மோஷன் டாக்டிக் ஆடுகிறவருக்கு அவர்கள் தங்கம். நீங்கள் லுக் இன்சைட் ஆடுகிறீர்கள். அந்த டாக்டிக்கில் கார்டுகளுக்கும் உள்ளே போகும் வாய்ப்பு வரும், அதற்கு இன்சைட் ஷாட் வேண்டும். உங்கள் இருவரிடமும் 2, 3. அதாவது அணியின் மேல் பாதி ஒரு டாக்டிக்குக்கும், கீழ் பாதி இன்னொரு டாக்டிக்குக்கும் வாங்கப்பட்டிருக்கிறது. இடத்துக்கு ஒரு ஆள் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் திறன் அடுத்தவருக்கு உதவவில்லை.

பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே ஒரு பையன், அவனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாஸிங் 9, அவுட்சைட் டிஃபென்ஸ் 9, ஹேண்ட்லிங் 8, கூடவே இன்சைட் ஷாட் 7. லுக் இன்சைட் ஆடும் அணிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறான். சம்பளம் குறைவாக இருப்பதால் குறைந்த ஆள் என்று நினைத்துவிட்டீர்கள். சம்பளம் குறைவாக இருக்கக் காரணம் வேறு. கார்டின் சம்பளச் சூத்திரத்தில் இன்சைட் ஷாட்டுக்கு மதிப்பு மிகக் குறைவு, ஜம்ப் ஷாட்டுக்கு அதிகம். அவனிடம் மதிப்புள்ள விஷயம் சூத்திரத்தின் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

எதிரணி குறைந்த சம்பளத்தில் எப்படி ஜெயித்தது என்பதற்கும் இதுதான் பதில். மேலே போகப் போகச் சம்பளம் செங்குத்தாக ஏறும். 7-இல் இருந்து 8-க்கு ஏறுவதற்கும் 13-இல் இருந்து 14-க்கு ஏறுவதற்கும் ஒரே படிதான், விலை மட்டும் ஒன்றாக இருக்காது. ஒரு 14-க்குத் தருகிற பணத்தில் வேறொருவர் பல 8-களைச் சேர்த்து வைத்திருப்பார். அவர்கள் சம்பளப் பட்டியலில் மேலே வரவே மாட்டார்கள்.

நிஜ ஆட்டத்திலும் இது நடந்திருக்கிறது. 1980 அமெரிக்க என்.பி.ஏ. லீக் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கணுக்கால் அடிபட்டு லேக்கர்ஸ் அணியின் சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் பிலடெல்பியாவுக்கு வரவில்லை. பாயின்ட் கார்டான மேஜிக் ஜான்சன், வயது 20, முதல் சீசன், சென்டராகத் தொடக்கப் பந்துக்குக் குதித்தார். 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். 123-107 என்று லேக்கர்ஸ் கோப்பையை வாங்கியது. பையன்களுக்குக் கூடைப்பந்து பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்வேன். அன்றைக்கு அவர் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருந்தது என்று யார் கேட்டார்கள்?

பயிற்சிக்கு வருகிறேன். 27 வயதுச் சென்டருக்கு 13-ஐ 14 ஆக்க நீங்கள் வாரங்களைச் செலவழிக்கிறீர்கள். அந்த வாரங்களை 22 வயதுப் பையனுக்குக் கொடுங்கள். அவனுக்கு இன்சைட் ஷாட், இன்சைட் டிஃபென்ஸ் ஏற்றுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே ஆடும் திறனுக்குப் பயிற்சி பெற அவன் பவர் ஃபார்வர்டாகவோ சென்டராகவோ நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் 48 நிமிடம் சேர்க்க வேண்டும். கார்டை சென்டராக நிறுத்தி லீக் ஆட்டம் ஆடினால் புள்ளி போகும். அதனால் நட்பு ஆட்டத்தில் அவன் ஒருவனையே தொடக்கம், மாற்று, இருப்பு மூன்று கட்டத்திலும் போட்டுவிடுங்கள். உயரம் அதிகமானால் உள் திறன் வேகமாக ஏறும், 196 இதற்குச் சுமாரான உயரம்தான். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

---

ரீபவுண்டு ராஜ்ஜியம் எழுதியது:

வாத்தியார் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் மறுபக்கம் ஓடிவிடக் கூடாது, நான் ஓடியிருக்கிறேன்.

சமநிலை, சமநிலை என்று ஒரு சீசன் என் ஐந்து பேரையும் 196-இல் இருந்து 203 செ.மீ.க்குள் வைத்திருந்தேன். எல்லோருக்கும் எல்லாமே 8, 9. ஃப்ளோ அருமையாக இருந்தது. பாக்ஸ் ஸ்கோரில் ஐந்து பேருமே இரட்டை இலக்கம் எடுத்த நாள் உண்டு. ஆனால் லோ போஸ்ட் (வளையத்துக்கு அடியில் பந்தைக் கொடுத்து ஆடும் டாக்டிக்) ஆடும் அணி வந்தால் என் பக்கம் ரீபவுண்டே விழாது. அவர்கள் ஷாட்டைத் தவறவிட்டு, எடுத்து, மறுபடி தவறவிட்டு, மறுபடி எடுத்துப் போடுவார்கள். 2-3 சோன் (வெளியே இரண்டு, உள்ளே மூன்று பேர் காக்கும் தடுப்பு) வைத்துச் சமாளித்தேன், உடனே வெளியே இருந்து அடித்தார்கள்.

2020 பிப்ரவரியில் என்.பி.ஏ. அணியான ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தங்கள் சென்டர் கபேலாவை அனுப்பிவிட்டு, 196 செ.மீ. உயரமுள்ள பி.ஜே. டக்கரை அந்த இடத்தில் நிறுத்தியது. ஜேம்ஸ் ஹார்டனும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் இருந்த அணி. பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டாவது சுற்றில் லேக்கர்ஸ் 4-1 என்று முடித்துவிட்டது. டக்கரின் உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் அப்போது லேக்கர்ஸில் உள்ளே ஆடிய ஆந்தனி டேவிஸ் மாதிரி ஒரு ஆளை எத்தனை ஆட்டம் அப்படித் தாங்க முடியும்?

அதனால் சென்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்தும். ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குப் பார்த்தால் ரீபவுண்ட் 13 சும்மா வருவதில்லை. பவர் ஃபார்வர்டு இடத்தில்தான் நீங்கள் பந்தைக் கையாளக்கூடிய ஆளைத் தேட வேண்டும். பாஸிங் 6, ஹேண்ட்லிங் 6, அவுட்சைட் டிஃபென்ஸ் 6 இருக்கட்டும். இன்சைட் ஷாட் 9 ஆனாலும் பரவாயில்லை. பாஸிங்கும் ஹேண்ட்லிங்கும் இல்லாமல் சென்டர் ஒருவர் கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தால் அணி தாங்கும். இரண்டு பேர் அப்படி இருந்தால் தாங்காது, இப்போது உங்களிடம் இரண்டு பேர்.

---

மூன்றாம் குவார்ட்டர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போடாமல் மூன்று வாரம் ஆடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதல் வாரம் பையனைப் பாயின்ட் கார்டாக இறக்கினேன். பழைய பாயின்ட் கார்டைப் பெஞ்சுக்கு அனுப்பினேன். வேறு எதையும் தொடவில்லை, எதனால் என்ன மாறுகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. டர்ன்ஓவர் 19-இல் இருந்து 12 ஆனது. சென்டர் 15 ஷாட் எடுத்து ஒன்பதைப் போட்டார். 84-80 என்று ஜெயித்தோம். ஆட்டத்தை நேரலையில் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் குவார்ட்டரில் அடுத்தடுத்து மூன்று முறை பையன் கொடுக்க, சென்டர் போட்டார். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

இரண்டாம் வாரம் பவர் ஃபார்வர்டை விற்றேன். ரீபவுண்டு அண்ணன் சொன்ன மாதிரி ஏலத்தில் தேடினேன். பவர் ஃபார்வர்டு பட்டியலில் அப்படி ஒருவரும் என் விலைக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்து, இடத்தை எடுத்துவிட்டுத் திறனை மட்டும் போட்டுத் தேடினேன். ஸ்மால் ஃபார்வர்டு என்று காட்டும் ஒருவர் வந்தார். 203 செ.மீ., வயது 29, பாஸிங் 7, ஹேண்ட்லிங் 6, அவுட்சைட் டிஃபென்ஸ் 7, இன்சைட் ஷாட் 9, இன்சைட் டிஃபென்ஸ் 9, ரீபவுண்ட் 8. விற்ற பவர் ஃபார்வர்டைவிடச் சம்பளம் குறைவு. மிச்சப்பட்ட பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று லீக் ஆட்டம், இரண்டு வெற்றி. தோற்றது நான்கு புள்ளியில், அதுவும் லீக்கில் முதல் இடத்தில் இருக்கும் அணியிடம், அவர்கள் ஊரில்.

பயிற்சிதான் இன்னும் இடிக்கிறது. நட்பு ஆட்டத்தில் பையனைச் சென்டராக நிறுத்தியதில் ஒரு வாரம் ஐந்தாவது ஃபவுலுக்கு மேல் போய் வெளியேறிவிட்டான், 41 நிமிடம்தான் கிடைத்தது. இன்னொரு வாரம் 48 கிடைத்தது, ஆனால் லீக் ஆட்ட நிமிடங்களும் சேர்ந்து 120-ஐத் தாண்டியதால் கேம் ஷேப் (ஆளின் ஆட்டத் தகுதி நிலை) இறங்கிவிட்டது. நல்ல பாயின்ட் கார்டாக இருப்பவனைப் பயிற்சிக்காகக் களைப்பாக்குகிறேனோ என்று கவலையாக இருக்கிறது.

இதற்கிடையில் டிராஃப்டில் (புதிய இளம் ஆட்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) ஒருவன் வந்திருக்கிறான். வயது 19, உயரம் 208 செ.மீ. இன்சைட் ஷாட் 6, ரீபவுண்ட் 7, பாஸிங் 4, ஹேண்ட்லிங் 3. இவனைத் தொடக்கத்தில் இருந்தே வேறு மாதிரி வளர்க்க ஆசைப்படுகிறேன். வளையத்துக்குக் கீழே நிறுத்தாமல், முதல் ஒரு சீசன் நட்பு ஆட்டங்களில் பாயின்ட் கார்டாக விட்டுப் பாஸிங் பயிற்சி கொடுத்தால் என்ன? 208 செ.மீ. ஆளுக்குப் பாஸிங் மெதுவாகத்தான் ஏறும் என்று தெரியும். ஏறினாலும் பயன் இருக்குமா?

---

ஆறாவது ஆள் எழுதியது:

பையனை லீக் ஆட்டம் ஒன்றில் மட்டும் ஆட விடுங்கள், இன்னொன்றில் பழைய பாயின்ட் கார்டு ஆடட்டும். வாரத்துக்கு 50-இல் இருந்து 75 நிமிடத்துக்குள் நிறுத்தினால் ஷேப் திரும்பிவிடும். வலுவில்லாத அணி வரும் ஆட்டத்தைப் பார்த்து அவனுக்கு ஓய்வு கொடுங்கள். பழைய கார்டை விற்கச் சொன்னவன் நான்தான், இந்தச் சீசன் முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

208 செ.மீ. பையனைப் பற்றி: செய்யுங்கள் தம்பி, 19 வயதில் செய்யாவிட்டால் பிறகு முடியாது. வயது ஏற ஏறப் பயிற்சி வேகம் குறைந்துகொண்டே போகும். பாஸிங் 7, ஹேண்ட்லிங் 6 வரை கொண்டு போங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதன் பிறகு உள்ளே திரும்பினால் உயரம் கைகொடுக்கும், விட்டதைப் பிடித்துவிடுவான். முதலில் இன்சைட் ஷாட்டை 12-க்கு ஏற்றிவிட்டுப் பிறகு பாஸிங் கற்றுக்கொடுக்கலாம் என்று நினைத்தால், அதற்குள் சம்பளமும் ஏறி, பொட்டென்ஷியல் எல்லையும் (ஒருவர் எவ்வளவு வளர முடியும் என்ற வரம்பு) நெருங்கிவிடும்.

பாயின்ட் கார்டாக அவனை மட்டும் மூன்று கட்டத்திலும் போடுங்கள். நட்பு ஆட்டத்தில் 40 புள்ளி வித்தியாசத்தில் தோற்பீர்கள், அதைப் பார்க்காதீர்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். இப்போது அவனுடைய திறன் கட்டம் முழுவதையும் இங்கே எழுதிப் போடுங்கள், வெள்ளிக்கிழமை பயிற்சி அறிக்கை வந்ததும் எது ஏறியது என்று பக்கத்திலேயே குறியுங்கள். 208 செ.மீ. ஆளுக்குப் பாஸிங் ஒரு படி ஏற எத்தனை வாரம் ஆகிறது என்று நானும் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.